நான் வெட்டின உன்ர பேர்

மகன்,

இந்தக் கடிதத்தை அப்பாவின்ர கையில குடுத்து விடுறன். வெள்ளவத்தையில இருந்து தெஹிவளைக்கு பஸ்ஸில பத்து நிமிஷம். அந்தத் தூரத்தில இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுற தாய் கொழும்பில நான் ஒருத்தியாத்தான் இருப்பன். நேரில வரலாம். வந்தா நான் சத்தம் போடுவன், நீ வாயை மூடிக்கொண்டு யன்னலைப் பாப்பாய், அப்பா தேத்தண்ணி போட எழும்பிப் போவார். உனக்கு மீசை முளைச்ச நாள் தொட்டு எங்கட வீட்டுச் சண்டை எல்லாம் அப்பிடித்தான் முடியிறது. எழுதினா குறுக்க கதைக்க ஆள் இல்லை. அதால எழுதுறன். கொஞ்சம் நீளும். பொறுமையா வாசி.

வாற சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக் கோயிலில உனக்குக் கலியாணம். எங்கட ஆக்களுக்குள்ள மாப்பிள்ளை வீட்டில இருந்து வெளிக்கிடேக்க தாய் தகப்பனுக்கு முன்னால முழந்தாளில இருப்பான், நாங்கள் நெத்தியில சிலுவை அடையாளம் போட்டு அனுப்புவம். நீ எந்த வீட்டில இருந்து வெளிக்கிடப் போறாய் எண்டு எனக்கு இன்னும் தெரியாது. அப்பாட்டக் கேட்டா, "அவன் யோசிக்கிறான், நீர் பேசாமல் இரும்" எண்டுறார். உன்ர சிநேகிதன்ர வீட்டில இருந்து நீ கோட்டு சூட்டோட இறங்கி நேர கோயிலுக்கு வந்தா, ஊர் ஒண்டும் சொல்லாது. எனக்குத்தான் அது தாங்காது. அதை ஒளிக்காமல் முதலே சொல்லிப்போட்டன்.

போன ஞாயிறு உன்ர பொம்பிளை ஷிரோமி வந்தவ. ஹெந்தளையில இருந்து ரெண்டு பஸ் மாறி, மீன் கட்லட் செய்து கொண்டு, இடையில ரெண்டு செக் பொயின்ற்றில இறங்கி ஏறி வந்தவ. நல்ல பிள்ளை. உன்ர தகுதிக்குக் கூட எண்டுதான் நினைக்கிறன். சாப்பிட்டு, கதைச்சு, படியில இறங்கேக்க என்ர கையைப் பிடிச்சா. "அன்ரி, நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனா உங்களுக்குத் தெரியோணும். வீட்டில இருக்கிற ஆக்களைப் பதியிற அந்தப் பொலிஸ் போர்மின்ர கொப்பியை அவர் பேர்ஸுக்குள்ள மடிச்சு வைச்சிருக்கிறார். அதில பேரை வெட்டினது நீங்கள்தான் எண்டு அவருக்குத் தெரியும்" எண்டா. நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கொண்டு அந்தப் படியிலயே இருந்திட்டன். மேசை லாச்சிக்குள்ள இருந்த கொப்பியைக் காணேல்லை எண்டு நான் ஏழு மாசமாத் தேடினது. எங்கயோ கைமறதியா வைச்சிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

ஓம் மகன். வெட்டினது நான்தான். அடிமட்டம் வைச்சு, நேரா, நீலப் பேனையால. வேற ஆர் அடிமட்டம் வைச்சு வெட்டுவினம்? கந்தோரில கொம்பியூட்டர் நிரல் எழுதின தாளிலயும் நான் அப்பிடித்தான் வெட்டுறனான், உனக்கு அது தெரியும். அண்டைக்கு பொலிஸ் ஸ்டேஷனில இருந்து வரேக்க ஓட்டோவுக்குள்ள நீ என்னைக் கேட்டனி, "என்ர பேர் ஏன் அதில இல்லை அம்மா?" எண்டு. நான், "அது அவையளின்ர பிழை மகன், லிஸ்ட்டைத் திருப்பி எழுதேக்க விட்டிட்டினம்" எண்டன். நீ "ஓம்" எண்டனி. ரெண்டு நாள் கழிச்சு, வேலை சைட்டுக்குக் கிட்ட எண்டு சொல்லி தெஹிவளைக்குப் போனாய். நானும் நம்பினன். உன்ர தாய் ஒரு பொய்காரி எண்டதை மடிச்சுப் பேர்ஸுக்குள்ள வைச்சுக்கொண்டுதான் நீ போனாய் எண்டு எனக்கு அப்ப தெரியேல்லை.

ஏன் வெட்டினன் எண்டு சொல்லுறதெண்டா பத்துப் பன்னிரண்டு வருசம் பின்னால போகோணும். நீ அப்ப ஏழாம் வகுப்பு. நான் கொட்டாஞ்சேனையில, ஒரு முஸ்லிம் நானாவின்ர ஹார்ட்வெயார் கடைக்கு மேல இருந்த கந்தோரில வேலை. ஆறு பேர், நாலு கொம்பியூட்டர், ஒரு ஏசி. அந்த ஏசியும் ஆக்களுக்கு இல்லை, சேர்வருக்கு. நான் அங்க என்ன செய்தனான் எண்டு நீ ஒரு நாளும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. நீ கட்டடம் அளக்கிறவன், உனக்கு விளங்கிற மாதிரி இப்ப சொல்லுறன். வடக்கு கிழக்கில இடம்பெயர்ந்து, ஓடேக்க ஒருத்தரை ஒருத்தர் துலைச்ச சனத்தின்ர பேர்களைச் சேர்த்து வைக்கிற வேலை ஒண்டு எங்கட கந்தோருக்குக் கிடைச்சுது. பேர்கள் எல்லாம் கொழும்பில ஒரு கொம்பியூட்டரில. அதுதான் சேர்வர். வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் எண்டு இருக்கிற கந்தோர்களில இருந்து டெலிபோன் லைனால அதோட கதைப்பினம். அப்பிடிக் கதைக்க வாறவைதான் கிளையன்ட். "இந்த ஆள் இஞ்ச இருக்கிறார்" எண்டு ஒருத்தர் எழுதுவார், "இந்த ஆளைத் தேடுறம்" எண்டு இன்னொருத்தர் கேப்பார். ரெண்டும் ஒரு இடத்தில சந்திக்கோணும்.

அவையளுக்கும் சேர்வருக்கும் நடுவில இருக்கிற இன்டர்பேஸ்தான் என்ர பொறுப்பு. இன்டர்பேஸ் எண்டா பெரிய மாயம் இல்லை, ஒரு ஒப்பந்தம். வாறவர் என்னென்ன சொல்லலாம், சொன்னா என்ன பதில் வரோணும், ஒரு சத்தமும் வராட்டி மற்றவர் என்ன நினைக்கோணும். முதல் ரெண்டையும் ஆரும் எழுதலாம். மூண்டாவதிலதான் எழுதுறவரின்ர குணம் தெரியும். என்ர குணம் உனக்குத் தெரியும்தானே.

முதல் நான் எழுதினதில ஒரு நேரத்தில ஒருத்தர்தான் கதைக்கலாம். மட்டக்களப்பு கதைச்சு முடியும் மட்டும் திருகோணமலை நிக்கோணும். ஒரு ஆள் நிக்கிற பேக்கரி மாதிரி. முன்னால நிக்கிறவர் பாணுக்கு சில்லறை தேடினா பின்னால உள்ள எல்லாருக்கும் பிந்தும். ரெண்டு கிழமையால அதை எறிஞ்சுபோட்டு, வாற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு பணியாள் மாதிரி நிரலை மாத்தினன். பிறகு வேற தலையிடி. ஒரே பேரை ரெண்டு கந்தோர் ஒரே நேரத்தில திறந்து எழுதினா ஒருத்தர் எழுதினதை மற்றவர் அழிச்சுப்போடுவார். அதால, முதல் திறந்தவரின்ர கையிலதான் பேனை. மற்றவை பாக்கலாம், எழுதேலாது எண்டு வைச்சன். அதுவும் சரி. ஆனா பேனையோட இருக்கிறவரின்ர லைன் அறுந்தா? அந்தக் காலத்து லைன் உனக்கு ஞாபகம் இருக்கும், மழை தூறினாலும் அறும், வெயில் கூடினாலும் அறும். பேனை திரும்பி வராது, அந்தப் பேரை வேற ஆரும் தொடேலாது. அதுக்கு நான் ஒரு சட்டம் போட்டன். ஒரு நிமிஷம் சத்தம் இல்லாட்டி ஆள் போயிட்டார். பேனையை வாங்கு, அரைகுறையா எழுதினதை அழி, கதைக்கிறவையின்ர லிஸ்ட்டில இருந்து ஆளை எடு. சுத்தமான வேலை எண்டு எனக்கு ஒரே பெருமை.

சேர்வர் பக்கம் நிரல் எழுதுற மற்றவை நிரப்ப வேண்டியது மூண்டே மூண்டு இடம்: வந்தார், சொன்னார், போனார். இவ்வளவு எளிமையா ஆரும் எழுதேல்லை எண்டு எங்கட முதலாளியே புகழ்ந்தவர். எனக்கு அடுத்த மேசையில நிமல் எண்டொரு சிங்களப் பெடியன், களனியில இருந்து வாறவர். கதை குறைவு. அவர் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "அக்கே, போனார் எண்டா எப்பிடிப் போனார்? சொல்லிட்டுப் போறதும் லைன் அறுறதும் ஒண்டா?" எண்டு கேட்டவர். நான் திரும்பியும் பாக்கேல்லை. "சேர்வருக்கு ரெண்டும் ஒண்டுதான் நிமல். சத்தம் இல்லாட்டி ஆள் இல்லை" எண்டன். அவர் தோளைக் குலுக்கிப்போட்டுத் தன்ர வேலையைப் பாத்தார். நான் வேலையில அவரை விட ரெண்டு வருசம் மூப்பு, அதை நல்லாப் பாவிச்சன்.

இதில ஒரு வேடிக்கை இருக்கு. அதே வருசம்தான் கொழும்புக் கோட்டையில குண்டு வெடிச்ச அண்டைக்கு, பக்கத்து ஹார்பரில கிளார்க் வேலை செய்த அப்பாவிட்ட இருந்து வழமையா வாற ரிங் வரேல்லை. உனக்குத் தெரியும், நாங்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தா ரெண்டு ரிங் அடிச்சுக் கட் பண்ணுறனாங்கள். அண்டைக்கு கொழும்பு முழுக்க ஒரே நேரத்தில டெலிபோனைத் தூக்கினா லைன் எப்பிடிக் கிடைக்கும்? அந்தப் புத்தி எனக்கு வரேல்லை. பின்னேரம் மூண்டு மணிக்கு நான் மனசுக்குள்ள அவரை அடக்கம் பண்ணி முடிச்சிட்டன், உன்னை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துறது எண்டும் யோசிச்சிட்டன். ஆறு மணிக்கு மனுசன் காலி வீதியால நடந்து, கையில ஒரு இறாத்தல் பாணோட வந்து நிக்கிறார். "ஏன் உம்மட முகம் இப்பிடி இருக்கு?" எண்டு வேற கேக்கிறார். நான் அவருக்கு நல்லா ஏசினன். அடுத்த நாள் கந்தோருக்குப் போய் அந்த ஒரு நிமிஷச் சட்டத்தை ஒரு எழுத்தும் மாத்தாமல் விட்டன். வீட்டில படிச்சதைக் கந்தோருக்குக் கொண்டு போகத் தெரியாத ஒருத்தி நான். பிறகு கந்தோரில படிச்சதையும் வீட்டுக்குக் கொண்டு வரேல்லை. அதைத்தான் சொல்ல வாறன்.

எங்கட ஒழுங்கை முனையில இருந்த லொட்ஜில பவளம் அக்கா எண்டு ஒருத்தர் வந்து தங்கினவ, ஞாபகம் இருக்கோ? கிளிநொச்சிப் பக்கம். ஓடேக்க சனத்துக்குள்ள மகனைத் துலைச்சவ. அவன்ர பேர் ரூபன், பத்தொன்பது வயது. நான் இந்த வேலை செய்யிறன் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். பாண் கடையில என்னைக் கண்டா கையைப் பிடிச்சு, "தங்கச்சி, என்ர பெடியன்ர பேர் வந்திட்டுதோ?" எண்டு கேப்பா. நான் கந்தோருக்குப் போனதும் முதல் வேலையா ரூபன்ர பேரை அடிச்சுப் பாப்பன். பின்னேரம் வந்து, "இன்னும் இல்லை அக்கா" எண்டு சொல்லுவன். ரெண்டு கிழமை அப்பிடிச் சொன்னன். மூண்டாம் கிழமை அவ, வவுனியாவில இல்லாட்டி பெடியன் திருகோணமலைப் பக்கம்தான் போயிருப்பான் எண்டு, இருந்த ஒரு சோடிக் காப்பைக் கழட்டி வித்துப்போட்டுத் தனியா வெளிக்கிட்டுப் போனா.

அவ போய் ஒரு கிழமையால வவுனியாக் கந்தோரில இருந்து செல்வம் எண்ட கிளார்க் வேற ஒரு அலுவலா எனக்கு கோல் எடுத்தவர். கதை முடிஞ்சு வைக்கப் போகேக்க, "அக்கா, அந்த ரூபன் எண்ட பெடியன் முகாமில இருந்து ஒவ்வொரு நாளும் வந்து தாய் வந்திட்டாவோ எண்டு கேக்கிறான். பேர் போட்டு மூண்டு கிழமை ஆச்சு, கொழும்பில ஒருத்தரும் பாக்கேல்லையோ?" எண்டார். போனை வைக்காமலே நான் ரூபன்ர பேரை அடிச்சன். லிஸ்ட்டைப் பாத்தன். இல்லை. "நீங்கள் போட்டது நிச்சயமோ?" எண்டு கேட்டன். அவர் கொப்பி ஒண்டு வைச்சிருந்தவர், நாளும் நேரமும் வாசிச்சார். நான் சேர்வரின்ர பதிவை எடுத்துப் பாத்தன். அதே நாள், அதே நேரம், வவுனியா வந்திருக்கு, ஒரு பேரைத் திறந்திருக்கு, ஒரு நிமிஷம் சத்தம் இல்லை, "போனார்". பேனை வாங்கி, எழுதினது அழிச்சு, ஆளை எடுத்தாச்சு.

செல்வம் எங்கயும் போகேல்லை மகன். அவர் கீபோர்ட்டில இருந்து கையை எடுத்துப்போட்டு, முன்னால இருந்த அந்தப் பெடியன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர். அடிச்சு முடிக்க முதல் ஆளின்ர கதையை முழுக்கக் கேக்கிறது அவரின்ர பழக்கமாம். தாயை எங்க விட்டது, என்ன சீலை உடுத்தவ, காதில என்ன போட்டிருந்தவ. அந்தச் சத்தமில்லாத நேரத்திலதான் அவர் உண்மையான வேலையைச் செய்தவர். பிறகு மிச்சத்தை அடிச்சு, "சேமி" எண்டதை அமத்தியிருக்கிறார். அது செத்த லைனுக்குள்ள போய் விழுந்திருக்கு. "கிடைச்சுது" எண்டு ஒரு பதில் அவருக்குப் போகோணும், அது வராட்டி அவரின்ர திரையில சிவப்பா ஏதும் எரியோணும் எண்டு நான் ஒப்பந்தத்தில எழுதவே இல்லை. அதால அவர் போட்டிட்டன் எண்டு நினைச்சார், நான் வரேல்லை எண்டு சொன்னன், ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. நடுவில ஒரு தாய் காப்பை வித்துப்போட்டு திருகோணமலையில முகாம் முகாமா அலைஞ்சா.

பவளம் அக்கா திரும்பி வந்து, வவுனியாவுக்குப் போய் மகனைக் கூட்டிக்கொண்டு வர இன்னும் மூண்டு கிழமை எடுத்துது. வந்த அண்டைக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோட எங்கட வீட்டுக்கு வந்தவ. நீயும் அதில ரெண்டு சாப்பிட்டனி. "தங்கச்சி, உங்களாலதான்" எண்டு என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா. நான் என்ன சொல்லியிருக்கோணும்? "அக்கா, என்னாலதான் பிந்தினது" எண்டு சொல்லியிருக்கோணும். நான் சொன்னது, "சிஸ்டத்தில ஒரு பிழை அக்கா, அதாலதான் பிந்திப் போச்சு." அவவுக்குச் சிஸ்டம் எண்டா என்ன தெரியும். "ஆரோ பாவம், வேலை கூடவாக்கும். ஏசிப்போடாதீங்கோ தங்கச்சி" எண்டா. எனக்கு நிலத்துக்குள்ள போயிடலாம் போல இருந்துது. ஆனா போகேல்லை. வாழைப்பழத்தை வாங்கிக் குசினிக்குள்ள வைச்சன்.

அதுக்குப் பிறகு இன்டர்பேஸை முழுக்கத் திருப்பி எழுதினன். நிமலிட்டப் போய், "நீர் கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேளும்" எண்டு பக்கத்தில இருத்தினன். மனுசன் "நான் சொன்னன்தானே" எண்டு ஒரு சொல் சொல்லேல்லை, அது எனக்கு இன்னும் கூட வெக்கம். "போனார்" எண்டதை உடைச்சம். சொல்லிட்டுப் போனவர் ஒரு வகை. லைன் அறுந்தவர் இன்னொரு வகை. என்ன எண்டு தெரியாதவர் மூண்டாவது வகை, அதைத் தெரியாது எண்டே எழுதோணும், போனதா எழுதப்படாது. சத்தம் இல்லாட்டி சேர்வர் முதல் "இருக்கிறீங்களோ?" எண்டு கேக்கும். அப்பவும் இல்லாட்டி பேனையை மட்டும் வாங்கி மற்றவைக்குக் குடுக்கும், அவர் எழுதின அரைகுறையை அவரின்ர பேரிலயே ஒரு பக்கம் வைச்சிருக்கும். எத்தினை நாளால வந்தாலும், வந்து பேரைச் சொன்னா, அவர் விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம். லிஸ்ட்டில இருந்து ஒரு ஆளை எடுக்கிறதெண்டா அதை அந்த ஆள்தான் சொல்லோணும். இந்தக் கடைசிச் சட்டத்தை நான் பெரிய எழுத்தில எழுதிச் சுவரில ஒட்டினன். புதுசா வேலைக்கு வாற எல்லாருக்கும் முதல் நாள் அதைக் காட்டி ஒரு மணித்தியாலம் பிரசங்கம் வைப்பன்.

இப்ப எங்கட கதைக்கு வாறன். நீ வேலைக்குச் சிங்கப்பூருக்குப் போய், நான் ஒரு நாளைக்கு மூண்டு தரம் உனக்கு கோல் எடுத்தது, நீ எடுக்காட்டி உன்ர சைட் கந்தோருக்கு எடுத்தது, அங்க உன்ர மேலதிகாரியிட்ட "அவன் சாப்பிடுறானோ" எண்டு கேட்டது, எல்லாம் பிழைதான். நீ கடைசியா, "அம்மா, ஒரு மாசத்துக்கு என்னை விடுங்கோ" எண்டனி. சரி எண்டன். ஒரு மாசம் போச்சு. ரெண்டாச்சு. நாலாம் மாசம், எங்கட மூண்டு பேரின்ர பேரும் இருந்த பொலிஸ் போர்மைப் புதுப்பிக்கச் சொல்லி வந்துது. வீட்டில உள்ள ஆக்களின்ர பேர், வயது, அடையாள அட்டை நம்பர், கடைசியில ஒரு நிரை: "தற்போது எங்கே". அந்த நிரை இருந்தது மகன். அதில "சிங்கப்பூர்" எண்டு ஒரு சொல் எழுதினா அலுவல் முடிஞ்சுது. நான் அடிமட்டத்தைத் தேடினன். அப்பா கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தவர். "உமக்கு விசரே? பெடியன் திரும்பி வந்தா?" எண்டு கேட்டவர். நான், "வாறவன் ஒரு சொல் சொல்லியிருப்பான்" எண்டு சொல்லி வெட்டினன். வெட்டி, பக்கத்தில கையெழுத்தும் வைச்சன்.

இளம் பெடியன்ர பேர் இருந்தா பொலிஸ்காரர் வந்து வந்து கேப்பினம், அந்தப் பயத்திலதான் வெட்டினன் எண்டு நான் எனக்கே கனநாளாச் சொல்லிக்கொண்டிருந்தன். பயமும் இருந்தது. ஆனா கோவம்தான் கூட. நீ இல்லை எண்டு எழுதிப் பாக்கோணும் போல இருந்துது, உனக்கு நோகும் எண்டு கூட இல்லை, எனக்கு நோ குறையும் எண்டு. சுவரில அவ்வளவு பெரிசா ஒட்டி வைச்ச சட்டம், பெத்த பிள்ளைக்குச் செல்லேல்லை.

அதே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நீ சொல்லாமல் வந்து இறங்கினாய். நான் உன்னைக் கண்ட சந்தோசத்தில போர்மை மறந்தன். ஞாயிறு நானும் அப்பாவும் கொட்டாஞ்சேனைக்குப் பூசைக்குப் போக, நீ படுத்திருக்க, அவையள் பொலிஸ் செக்கிங்குக்கு வந்திருக்கினம். போர்மில ரெண்டு பேர், வீட்டில மூண்டாவது ஆள். அடையாள அட்டையில எங்கட அட்ரஸ், ஆனா லிஸ்ட்டில வெட்டு. அவையள் என்னத்தை நினைப்பினம்? மேல் வீட்டு ஆக்கள் சொல்லி நாங்கள் ஸ்டேஷனுக்கு ஓடி வரேக்க, நீ அந்த மர வாங்கில சாரத்தோட, காலில செருப்பும் இல்லாமல் இருந்தாய். பின்னேரம் நாலு மணி மட்டும் இருந்தாய். நான் சிங்களத்தில கெஞ்சினது உனக்குக் கேட்டது. நான் எதுக்குக் கெஞ்சினன் எண்டது கேக்கேல்லை. அந்த அதிகாரியிட்ட நான், "வெட்டினது என்ர பிழை" எண்டு சொன்னன் மகன். அவருக்குச் சொல்லக் கூடினது, ஓட்டோவுக்குள்ள உனக்குச் சொல்ல வாய் வரேல்லை. பவளம் அக்காவுக்கும் சொல்லேல்லை, உனக்கும் சொல்லேல்லை. அவவுக்குச் "சிஸ்டம்", உனக்கு "அவையள்". சிஸ்டமும் நான்தான், அவையளும் நான்தான்.

கலியாணத்துக்குப் போற பிள்ளைக்குத் தாய் ஏதும் புத்தி சொல்லோணுமாம். என்னட்ட இருக்கிறது இந்த ஒரு தொழில்தான், அதில இருந்துதான் சொல்லலாம். ஷிரோமி ஒரு நாள் கதைக்காமல் இருந்தா, அவ போயிட்டா எண்டு நினைக்காதை. செல்வத்தைப் போல எதையோ கேட்டுக்கொண்டு இருக்கலாம். முதல் "இருக்கிறீரோ?" எண்டு கேள். பதில் வராட்டி திருப்பிக் கேள், ஆனா என்னைப் போல நாளுக்கு மூண்டு தரம் இல்லை. அவ ஒண்டு சொன்னா, சரியோ பிழையோ பிறகு பாப்பம், முதல் கேட்டிட்டன் எண்டு சொல்லு. உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் என்னை நல்லவ ஆக்க இதைச் சொல்லேல்லை, ஆனா நீ கேட்டது ஒரு மாசம், எடுத்தது நாலு. "இன்னும் கொஞ்ச நாள்" எண்டு மூண்டு சொல் காணும், கோலுக்குச் சல்லியும் பெரிசா முடியாது. யன்னலைப் பாக்கிறதை அந்தப் பிள்ளையிட்டச் செய்யாதை. என்னட்டச் செய்தது காணும்.

இதை எழுதத் தொடங்க முதல், நேற்றுக் காலமை நான் ஸ்டேஷனுக்குப் போய் புதுப் போர்ம் ஒண்டு எடுத்தனான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. மேசையில இருந்த இளம் கொன்ஸ்டபிள் மூண்டாவது பேரைப் பாத்திட்டு, மகன் இப்ப வீட்டில இருக்கிறாரோ எண்டு சிங்களத்தில கேட்டார். "தவம நே. எனவா" எண்டன். இன்னும் இல்லை, வருவான். அப்ப வந்த பிறகு போடுங்கோவன் எண்டார். இல்லை மாத்தயா, இப்பவே இருக்கட்டும் எண்டு சொல்லி, கடைசி நிரையில "தெஹிவளையில்" எண்டு எழுதிக் குடுத்தன். மனுசன் என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு சீல் குத்தினார். அதின்ர கொப்பியை இந்தக் கடிதத்தோட வைச்சிருக்கிறன். பேர்ஸுக்குள்ள இருக்கிறதை எறி எண்டு நான் சொல்லமாட்டன், அதுவும் உண்மைதான். இதையும் அதோட வை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வெளிக்கிட்டாத்தான் கொட்டாஞ்சேனைக்கு நேரத்துக்குப் போகலாம். நீ வருவாய் எண்டால் ரெண்டு ரிங் அடிச்சுக் கட் பண்ணு, நான் எடுக்கமாட்டன். ரிங் வராட்டியும் ஏழு மணியில இருந்து முன் கதவு திறந்துதான் கிடக்கும். லைன் கிடைக்கேல்லையாக்கும் எண்டு நினைப்பன். நீ அண்டைக்கும் வரேல்லை, பிறகும் வரேல்லை எண்டாலும் அந்தப் போர்மில உன்ர பேர் இருக்கும். இனி அதில நான் கை வைக்கமாட்டன். வெட்டத்தான் வேணுமெண்டா நீ வீட்டுக்கு வந்து, என்ர கண்ணுக்கு முன்னால, உன்ர கையால வெட்டு. அடிமட்டம் லாச்சிக்குள்ள இருக்கு.

அம்மா